ரசீது பத்திரம்!

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பரீட்சைப் பேப்பர்களுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டாவது தம்ளர் காப்பியை நாம் எதிர்பார்த்துக்கொண்டிருந்த சமயம், அடுத்த வீட்டு அம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார்.

"வாத்தியார் ஸார், கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள். இவரைக் கைது செய்யப் போலீஸ் வந்திருக்கிறது!"

அடுத்த வீட்டுப் பெரியவர் தபாலாபீஸில் 35 வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஊராருக்கெல்லாம் ரசீது எழுதிக் கொடுத்தே கை தேய்ந்தவர். அவரையே கைது செய்வதென்றால் ஊரில் வேறு யாரைத்தான் வெளியே விட்டு வைப்பது? பேப்பர்களைப் போட்டது போட்டபடி விட்டு ஓடினோம்.

திண்ணையில் ஒரு போலீஸ்காரர் மிகுந்த சங்கடத்துடன் உட்கார்ந்திருந்தார். "நான் என்ன செய்யட்டும், ஐயா? கோர்ட்டு உத்தரவு" என்று சொல்லிக் காகிதத்தை நீட்டினார். 2017-ஆம் வருஷத்தில் வேறோர் ஊரில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் பெரியவர் ஸ்கூட்டர் ஓட்டினாராம், அபராதம் கட்டவில்லையாம், சம்மனுக்கும் வரவில்லையாம், ஆகவே வாரண்டு.

"நூறு ரூபாயை அங்கேயே, அப்போதே கட்டிவிட்டேனே!" என்றார் பெரியவர். அவர் குரல் நடுங்கிற்று. தெருவில் நாலு வீட்டு ஜன்னல்கள் திறந்திருந்தன.

நல்ல வேளையாக, ஜாமீன் கொடுத்து இன்ன தேதியில் ஆஜராவதாக எழுதிக் கொடுத்தால் விட்டுவிடலாம் என்று மாஜிஸ்திரேட் அந்த வாரண்டிலேயே குறித்திருந்தார். நாம் ஜாமீன்தாராகக் கையெழுத்திட்டோம். போலீஸ்காரர் அந்த அம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, தாமே விடுதலையானவர்போல் போய்ச் சேர்ந்தார்.

பிறகு ரசீது தேடும் படலம் ஆரம்பமாயிற்று. பெட்டியின் அடியில், ஒரு பழைய பஞ்சாங்கத்துக்குள் ரசீது கிடைத்தது. ஆனால் அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை! கையடக்க யந்திரத்தில் அச்சான சீட்டு அது. அந்தக் காகிதத்தில் எழுத்து மையினால் உண்டாவதல்ல, சூட்டினால் உண்டாவது. ஆகையால் நாளடைவில், வெயிலும் வெப்பமும் பட்டு, வந்த வழியே போய்விடுகிறது. பெரியவர் அந்த வெள்ளைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

காப்பாற்றியது அந்த அம்மாளின் கணக்குப் புத்தகம். 2017-ஆம் வருஷத்து நோட்டில், கத்தரிக்காய்க்கும் சலவைக்கும் நடுவே, "ஸ்கூட்டர் அபராதம் ரூ.100" என்று எழுதி, பக்கத்தில் ரசீது நம்பரையும் குறித்து வைத்திருந்தார். "காசு போனால் போன இடம் தெரியவேண்டாமா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைச் சர்க்கார் குமாஸ்தா யாராவது அன்று கேட்டிருந்தால், போலீஸ்காரர் அந்தத் திண்ணைக்கு வந்தே இருக்கமாட்டார்.

நடந்தது இதுதான். பணம் ஒரு கணக்கில் ஏறிற்று; வழக்கு வேறொரு கட்டில் ஏறிக் கோர்ட்டுக்குப் போயிற்று. இரண்டும் சந்திக்கவில்லை. சம்மன், பெரியவர் எப்போதோ காலி செய்துவிட்ட வாடகை வீட்டைத் தேடிப் போயிற்று.

சட்டம் இதற்கு என்ன சொல்லுகிறது? 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவு, சிறு குற்றங்கள் பலவற்றை உரிய அதிகாரியிடம் பணம் கட்டித் தீர்த்துக்கொள்ள இடம் தருகிறது. அவ்விதம் தீர்த்துக்கொண்டவர்மேல் அதே குற்றத்துக்காக மேற்கொண்டு வழக்கு நடத்தக்கூடாதென்றும் சொல்லுகிறது. ஆனால் கைது வாரண்டின் ஆயுளைப் பற்றிச் சொல்வது வேறொரு சட்டம். 1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 70-வது பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1-ந் தேதி முதல் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 72-வது பிரிவாக இருக்கும் விதி அது. வாரண்டு நிறைவேற்றப்படும் வரையில், அல்லது அதைப் பிறப்பித்த கோர்ட்டே ரத்து செய்யும் வரையில், அது அமுலில் இருக்கும் என்பது அதன் சாரம். வருஷங்கள் கடந்தால் சாகாது; பணம் கட்டினாலும் தானாகச் சாகாது. ஒரு சட்டம் "வழக்கு தீர்ந்தது" என்கிறது; மற்றொரு சட்டம் "வாரண்டு உயிரோடிருக்கிறது" என்கிறது. இரண்டும் சரியே. இரண்டுக்கும் நடுவில் செய்தி கொண்டுபோக வேண்டிய குமாஸ்தா மறந்துவிட்டால், குடிமகன்தான் அகப்பட்டுக்கொள்கிறான்.

அம்மாள் குறித்திருந்த நம்பரை வைத்து, அபராதம் வசூலித்த ஆபீஸின் கணக்கில் தேடினார்கள், பணம் வரவாகியிருந்தது. அதற்கு அத்தாட்சி வாங்கி, வக்கீல் வாரண்டை ரத்து செய்யும்படி மனுப் போட்டார். மாஜிஸ்திரேட் படித்துப் பார்த்து இரண்டு நிமிஷத்தில் ரத்து செய்தார். அந்த இரண்டு நிமிஷத்துக்காகப் பெரியவர் மூன்று முறை பஸ் ஏறினார். வக்கீல் பீஸையும் சேர்த்தால், அபராதத்தைப்போல் பல மடங்கு செலவு.

"உத்தரவின் நகல் வாங்கிப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார் வக்கீல். பெரியவருக்கு அலுத்துவிட்டது. "ரத்தாகிவிட்டதே, இன்னும் என்ன?" என்றார்.

இன்னும் என்ன என்பதற்கு அமெரிக்காவில் நடந்த வழக்கு ஒன்றே பதில் சொல்லும். அரிஸோனா ராஜ்யத்திலுள்ள ஃபீனிக்ஸ் நகரில், போக்குவரத்துக் குற்றங்கள் சிலவற்றுக்குப் பதில் சொல்ல ஆஜராகாத ஒருவர்மேல் 1990 டிசம்பர் 13-ந் தேதி வாரண்டு பிறந்தது. டிசம்பர் 19-ல் அவர் தாமே வந்து ஆஜரானார், வாரண்டு ரத்தாயிற்று. ஆனால் அந்தச் செய்தி போலீஸின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை. 17 நாள் கழித்து, 1991 ஜனவரி 5-ல், ஒருவழித் தெருவில் எதிர்த் திசையில் கார் ஓட்டியதற்காக அவரை நிறுத்திய போலீஸார், கம்ப்யூட்டரில் செத்த வாரண்டு உயிரோடிருக்கக் கண்டு கைவிலங்கு மாட்டினார்கள். அப்போது அவரிடம் கஞ்சாவும் அகப்பட்டது. இல்லாத வாரண்டினால் கிடைத்த சாட்சியம் செல்லுமா என்ற கேள்வி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. பிழை கோர்ட்டுச் சிப்பந்தியுடையதானால், அதற்காகப் போலீஸார் கண்டெடுத்த சாட்சியத்தைத் தள்ள வேண்டியதில்லை என்று 1995 மார்ச்சில் தீர்ப்பாயிற்று. அதாவது, பிழை செய்தவர் ஒருவர்; அதன் பலனை அனுபவித்தவர் வேறொருவர்!

அவரிடம் கஞ்சா இருந்ததே என்று வாசகர்கள் கேட்கலாம். வேறொரு சங்கதி சொல்லுகிறோம். மிஸ்ஸௌரி ராஜ்யத்தில் ஃபெர்குஸன் என்று ஒரு சிற்றூர். 2014-ல் ஜனத்தொகை சுமார் 21,000. வெளியூராரும் உள்ளூராருமாக 16,000-க்கு மேற்பட்டவர்கள்மேல் அவ்வூர்க் கோர்ட்டின் வாரண்டுகள் 2014 டிசம்பரில் நிலுவையில் இருந்தன. அமெரிக்க நீதி இலாகா விசாரித்து 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு ஸ்திரீயின் கதை வருகிறது. 2007-ல் ஒரே ஒரு முறை, காரை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தினாள். அபராதம் 151 டாலர், கட்டணங்கள் தனி. ஏழை, சில காலம் வீடுகூட இல்லாதவள். தவணை தவறத் தவற அபராதம் குட்டி போட்டது. இரண்டு முறை கைதாகி ஆறு நாள் சிறையிலிருந்தாள். ஒரு முறை 25 டாலரும் மற்றொரு முறை 50 டாலரும் கட்டப் பார்த்தாள். முழுத் தொகையாக இல்லையென்று கோர்ட்டார் திருப்பியனுப்பினார்கள். 550 டாலர் கட்டிய பின்பும், 2014 டிசம்பரில் அவள்மேல் பாக்கி 541 டாலர்!

இதைப் படித்தபோது நமக்கு உறுத்தியது அமெரிக்கா அல்ல. உத்தியோகம் ஏற்ற புதிதில், சம்பளம் கட்டாத பையன்கள் என்று ஆபீஸிலிருந்து ஒரு ஜாபிதா வரும். பேர் இருந்த பையன்களை வகுப்புக்கு வெளியே நிறுத்துவோம். ஒரு பையன், "அப்பா கட்டிவிட்டார், ஸார்" என்றான். "ரசீது எங்கே?" என்றோம். அவன் தகப்பனார் மூட்டை தூக்கிப் பிழைப்பவர். வீட்டில் பெட்டியும் இல்லை, பஞ்சாங்கமும் இல்லை. இரண்டு நாள் வெளியே நின்றான். மூன்றாம் நாள், பேரை அடிக்க மறந்துவிட்டதாக ஆபீஸில் சொன்னார்கள். அவன் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். நம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

ஆகையால், ரசீதைப் பத்திரமாக வையுங்கள் என்று குடிகளுக்கு மட்டும் உபதேசம் செய்து நிறுத்திக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை. வாரண்டில் கையெழுத்திடுமுன் பணம் வந்திருக்கிறதா என்று கணக்கைப் பார்ப்பது கோர்ட்டின் வேலை. ரத்தான செய்தியை ஸ்டேஷனுக்கு அன்றைக்கே தெரிவிப்பதும் கோர்ட்டின் வேலைதான். ஒரு நொடியில் அபராதம் விதிக்கத் தெரிந்த யந்திரத்துக்கு, அதே நொடியில் வரவு வைத்து வழக்கை மூடவும் கற்றுக்கொடுக்கலாம்.

அது நடக்கும் வரையில், வீட்டில் செய்யவேண்டியவை சில உண்டு. யந்திரச் சீட்டை வாங்கிய அன்றே போட்டோ எடுத்து நம்பரைக் குறித்துக்கொள்ளவேண்டும். வீடு மாறினால் வண்டியின் பதிவுச் சீட்டிலும் லைசென்ஸிலும் விலாசத்தை மாற்றவேண்டும். வாரண்டு இருக்கிறதென்று தெரிந்தால், பயந்து ஒளியாமல் வக்கீலுடன் தாமே கோர்ட்டுக்குப் போவது உத்தமம். வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லாவிட்டால், 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். ஸ்திரீகளுக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் இலவச உதவி பெற அச்சட்டத்தில் உரிமை உண்டு. மற்றொன்று: மெய்யான வாரண்டு எழுத்தில் இருக்கும், நீதிபதியின் கையெழுத்தும் கோர்ட்டு முத்திரையும் இருக்கும். செல்போனில் மிரட்டிப் பணம் கேட்பவன் திருடன். அவனுக்கு மோர்கூடக் கொடுக்கவேண்டாம்.

பெரியவர் கடைசியில் நகல் வாங்கி ஸ்டேஷனில் கொடுத்துவிட்டார். இப்போது வெளியே புறப்படும்போதெல்லாம் மற்றொரு நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். அந்த அம்மாள், பஸ், வக்கீல், நகல் செலவுகளைக் கூட்டிப் புது நோட்டில் எழுதினார். எந்தத் தலைப்பில் எழுதுவதென்று நம்மைக் கேட்டார். நமக்குச் சொல்லத் தெரியவில்லை. சற்று யோசித்து, "ஸ்கூட்டர் அபராதம்" என்றே எழுதிவிட்டார்.