நாரைத் தலை வேட்டை

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் கடந்த சில ஆண்டுகளாக ஒரு புதுவகை வேட்டை நடைபெறுகின்றது. வேட்டைக்காரர்கள் வானில் வருகிறார்கள். படலையடியில் நின்று, "ஐயா, வீட்டிலை பழைய றலி, ஹம்பர் ஏதும் கிடக்குதோ?" என்று மிகுந்த மரியாதையோடு விசாரிக்கிறார்கள். கிடக்கிறது என்றால், கோடிப்புறத்துக் கொட்டிலில் சாத்திவைக்கப்பட்டிருக்கும் துவிச்சக்கர வண்டியை வெளியே தூக்கி வைத்துத் தூசு தட்டிப் பார்க்கிறார்கள். முழு வண்டியையும் வாங்கிக்கொண்டு போனால் நான் இதனை எழுதவேண்டி வந்திராது. அவர்களுக்குத் தேவைப்படுவன தலையும் கண்ணும் பல்லும் மட்டுமே.

தலை என்பது ஹாண்டிலின் கீழே முன்குழாயில் பதித்திருக்கும் உலோகச் சின்னம். கண் என்பது முன்விளக்கு. பல் என்பது பெடல் சுற்றும்போது செயினை இழுக்கும் பெரிய பற்சில்லு. இவற்றோடு தோல் சீட்டும் பெல்லும் சேர்ந்தால் அன்றைய வேட்டை முடிந்தது. எஞ்சிய உடலைப் பழைய இரும்பு வாங்குபவர் நிறுத்துக்கொண்டு போய்விடுவார். இந்தத் தொழிலுக்குப் 'புராதனப் பொருட் சேகரிப்பு' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். கசாப்பு என்பதுதான் இதற்குப் பொருத்தமான பெயர்.

இவர்களுடைய கண்ணில் பழுதில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். அழகானதைத்தான் தேடுகிறார்கள். பழைய றலி வண்டியின் பற்சில்லில் நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருக்கும். ஹம்பரின் பற்சில்லில் ஐந்து மனிதர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அதன் முன்கவை இரட்டைக் குழாய்களால் ஆனது. றட்ஜ் வண்டியில் விரித்த உள்ளங்கை ஒன்று இருக்கும். தூரத்தில் வரும் வண்டியின் பற்சில்லைப் பார்த்தே அது எந்த இனம் என்று சொல்லக்கூடிய சிறுவர்கள் ஒருகாலத்தில் எங்கள் ஒழுங்கைகள் தோறும் இருந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன். இத்தனைக்கும் இந்த மூன்றும் பின்னாளில் ஒரே குடும்பமாகிவிட்டன. நொட்டிங்ஹாமில் றலி வீதியிலிருந்த ஒரு சிறு பட்டறையிலிருந்து 1880களில் வளர்ந்த றலி நிறுவனம் 1932 இல் ஹம்பரையும் 1943 இல் றட்ஜையும் வாங்கியது. வாங்கிய பின்னரும் ஓடும் மனிதர்களையும் உள்ளங்கையையும் அழிக்காமல் விட்டுவைத்தது. வியாபாரிகளுக்குக்கூட அந்த அளவுக்கு மரியாதை தெரிந்திருந்த காலம் அது.

சின்னத்தைக் கழற்றினாலும் வண்டி ஓடும். பற்சில்லைக் கழற்றினால் ஓடாது. அதனைக் கழற்றும் முறையோ அதைவிடக் கொடுமையானது. பெடல் கையை அச்சோடு இறுக்கி வைத்திருப்பது கொட்டர் பின் என்னும் ஆப்பு. அதனைத் தட்டி எடுக்கும்போது கீழிருந்து முட்டுக் கொடுக்கவேண்டும். இல்லையேல் அடி முழுவதும் உள்ளே இருக்கும் குண்டுகளிலும் கப்பிலும் இறங்கும். தொழில் தெரிந்தவர் அரைமணி நேரம் மண்ணெண்ணெயில் ஊறவிட்டுத்தான் சுத்தியலைத் தொடுவார். வானில் வருபவருக்கு அந்தப் பொறுமை எதற்கு? இரும்புக்குப் போகப்போகிற உடல்தானே!

இங்கேதான் வெளியாருக்குப் புலப்படாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெடல் அச்சைத் தாங்கும் கப்புகள் சட்டகத்தினுள்ளே புரி வைத்துத் திருகப்படுகின்றன. ஏனைய பிரித்தானிய உற்பத்தியாளர் பெரும்பாலோர் அங்குலத்துக்கு 24 புரி வைத்தார்கள். றலி தனக்கென்று 26 புரி வைத்துக்கொண்டது. வெளியார் பாகங்கள் தன் வண்டிக்குள் நுழையக்கூடாது என்ற வியாபாரப் பிடிவாதமாக அது இருந்திருக்கலாம்; காரணம் எதுவாயினும் விளைவை இன்று அனுபவிப்பவர் எங்கள் சைக்கிள் கடைக்காரர். 26 புரிச் சட்டகத்தில் 24 புரிக் கப்பை வலிந்து திருகினால் சட்டகத்தின் புரியே அழிந்துவிடும். ஆகவே ஒரு றலிக்குக் கப் தேய்ந்தால் இன்னொரு றலிதான் அதற்கு உயிர் கொடுக்கவேண்டும்.

எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். வாரத்தில் ஒருநாள் பழைய இரும்பு குவித்திருக்கும் வளவுகளுக்குப் போய், கையில் ஒரு பழைய கப்பை வைத்துக்கொண்டு, சட்டகம் சட்டகமாகத் திருகிப் பார்த்துத் திரிவார். ஒன்று பொருந்தினால் அன்று அவருக்குத் தீபாவளி. வேட்டை என்றால் அதுவும் வேட்டைதான். ஆனால் அவருடைய வேட்டையின் முடிவில் ஒரு வண்டி எழுந்து ஓடும். வானில் வருபவரின் வேட்டையின் முடிவில் ஓடக்கூடிய ஒரு வண்டி நின்றுபோகும். கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய உதிரிப்பாகம் தேடுகிறவர் அதனை ஓடும் வாகனமொன்றில் பூட்டுவதற்காகவே தேடுகிறார். அந்த எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த தெருவில் இருக்கும் நேர்மை, காலிக் கோட்டையின் கண்ணாடி அலுமாரிகளில் பட்டுத்துணியின் மேல் வைக்கப்பட்டிருக்கும் விளக்குகளில் எனக்குத் தென்படவில்லை.

இதற்கு அவர்கள் சொல்லும் நியாயங்களை நான் கேட்டிருக்கிறேன். முதலாவது, எப்படியும் துருப்பிடித்து அழியப்போகிறது, நாங்கள் காப்பாற்றுகிறோம் என்பது. இந்தச் சட்டகங்களின் உருக்கு எழுபது ஆண்டுகள் கடந்தும் மேற்துருவின் அடியில் உயிரோடு இருக்கிறது. ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் ஒரு பிடி கிறீஸும் ஒருநாள் உழைப்பும் போதும். காப்பாற்றுவது நோக்கமென்றால் முழுவண்டியைக் காப்பாற்றட்டும். இரண்டாவது, உரிமையாளர் விரும்பித்தானே விற்கிறார் என்பது. விற்பவர் பெரும்பாலும் கணவனை இழந்த மூதாட்டி அல்லது பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டிலிருக்கும் ஓய்வூதியர். தன் கொட்டிலில் கிடக்கும் தோல் சீட், 1866 இல் பேர்மிங்ஹாமில் தொடங்கப்பட்ட புறூக்ஸ் நிறுவனத்தினுடையது என்பதும், அதற்கு உலகெங்கும் கிராக்கி உண்டென்பதும் அவருக்குத் தெரியாது. வாங்குபவருக்குத் தெரியும். ஒருவருடைய அறியாமையின்மேல் மற்றவர் இலாபம் வைக்கும் இடத்தில் விருப்பம் என்ற சொல்லுக்கு என்ன பெறுமதி?

மூன்றாவது நியாயம்தான் என்னை உண்மையில் கோபப்படுத்தியது. கொழும்பில் ஓர் உணவகத்தின் சுவரில், ஹம்பர் ஒன்றின் முன்பாதியை மட்டும் அறுத்துப் பொருத்தியிருந்தார்கள். "இது உங்கடை யாழ்ப்பாணத்து ஞாபகம்" என்று பெருமையோடு காட்டினார் அங்கிருந்தவர்.

எங்களுடைய ஞாபகமா? எங்கள் ஞாபகத்தில் இருக்கும் துவிச்சக்கர வண்டிக்கு இரண்டு சில்லுகள் இருந்தன. 1990 இன் பின்னர் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பற்றரியும் பெற்றோலும் தடைசெய்யப்பட்ட பொருட்கள். இரவானதும் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் பிறந்த அந்தச் சொற்ப மின்சாரத்தில் வானொலியைப் பேசவைத்தோம். பிபிசி தமிழோசை முடியும்வரை சுற்றுகிறவர் கை ஓயக்கூடாது. வேகம் குறைந்தால் செய்தி மங்கும். நோயாளியும் விறகும் அரிசி மூட்டையும் பிரசவ வேதனையிலிருந்த பெண்ணும் கரியரிலும் பாரிலும் பயணம் செய்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் குடாநாட்டு மக்கள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, அந்த நெரிசலில் எவரும் வண்டியை மிதிக்கவில்லை, மிதிக்கவும் முடியாது. ஹாண்டிலில் பானை, பாரில் பிள்ளை, கரியரில் வயோதிபர் என்று மழையில் நனைந்தபடி உருட்டிக்கொண்டு போனோம். அந்த வண்டியின் முன்பாதியை அறுத்து, மின்குமிழ் பொருத்தி, அதன் கீழே இருந்து மக்கள் இறால் சாப்பிடுகிறார்கள்.

பழைய கதைதானே என்று தள்ளிவிடலாம் என்றால், 2022 ஐ எங்கே கொண்டுபோய் வைப்பது? நாட்டில் பெற்றோல் இல்லை. நாட்கணக்கில் வரிசை. புதிய சைக்கிளின் விலை சாதாரண உத்தியோகத்தரின் சம்பளத்தை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. அப்போது கொட்டில்களில் கிடந்த றலிகள் எழுந்தன. நான் மேலே சொன்ன கடைக்காரரின் வாசலில் அத்தனை வண்டிகள் வரிசையில் நின்றதைப் பல ஆண்டுகளின் பின் கண்டேன். ரயர், ரியூப், பிறேக் கட்டை மாற்றினால் போதும் என்ற நிலையில் வந்தவை எல்லாம் ஓடின. பற்சில்லும் சீட்டும் உருவப்பட்டு வந்த வண்டிகளைப் பார்த்து அவர் கையை விரித்தார். வேட்டைக்காரர்களின் கைவேலை எத்தனை வீடுகளை எட்டியிருக்கிறது என்பதை அந்த வாசலில் வைத்துத்தான் நான் அறிந்துகொண்டேன்.

இனி, கடல்கடந்து வாழும் வாசகர்களுக்கு. கோபிக்கவேண்டாம். வானில் வருபவர்களின் வாடிக்கையாளர்களில் நீங்களும் இருக்கிறீர்கள். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து திரும்பும்போது, பெட்டிக்குள் ஒரு நாரைத் தலையோ ஒரு லூக்காஸ் விளக்கோ போகிறது. வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்காம். உங்கள் தந்தையாரின் வண்டிச் சின்னம் என்றால் தாராளமாகக் கொண்டுசெல்லுங்கள், எவரும் தடுக்கமாட்டார்கள். அயலூரில் எவருடைய தந்தையினதோ வண்டியிலிருந்து பிடுங்கியதை விலைகொடுத்து வாங்கி, அதற்கு 'அப்பாவின் நினைவு' என்று பெயரிடுவது எந்த வகையில் சேர்த்தி?

அதிலும் விந்தை என்னவென்றால், இந்தப் பொருட்கள் உங்கள் காலடியிலேயே கிடக்கின்றன. 1950களின் தொடக்கத்தில் நொட்டிங்ஹாம் ஆலை ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்தது. அவற்றில் பெருந்தொகை வட அமெரிக்காவுக்கும் போனது. 2002 உடன் நொட்டிங்ஹாமில் உற்பத்தி முற்றாக நின்றுவிட்டது என்பது உண்மையே. ஆனால் செய்து அனுப்பியவை எங்கே போய்விடும்? லண்டனில் ஞாயிறு காலைகளில் நடக்கும் கார் பூட் விற்பனைகளிலும், ரொறன்ரோவில் கோடைகாலத்தில் வீட்டு முற்றத்திலும் கராஜ் வாசலிலும் பரப்பி வைக்கும் விற்பனைகளிலும், 'தாத்தாவின் சைக்கிள், ஓடாது' என்ற குறிப்போடு அவை நிற்கின்றன. அங்கே அவற்றை வாங்குவதால் எவருடைய போக்குவரத்தும் நின்றுபோகாது. வேட்டையாட விருப்பமென்றால் அங்கே ஆடுங்கள். கொண்டுபோவதை நிறுத்திக் கொண்டுவாருங்கள்.

எல்லாம் இங்கே பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் அகப்படும் வண்டிகள் பெரும்பாலும் 26 அங்குலச் சில்லும் கம்பிவட பிறேக்கும் கொண்டவை. எங்களுடையவை 28 அங்குலம், நீண்ட இரும்புத் தண்டுகளால் இயங்கும் பிறேக். ஆகவே சில்லையும் றிம்மையும் காவிவந்து ஏமாறவேண்டாம். 28 அங்குல ரயர் இந்தியாவிலிருந்து வருகிறது. பயன்படுவது உள்ளுறுப்பு. ஸ்டேர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் அகப்பட்டால் விடாதீர்கள். 1936 இல் வந்த அதன் ஏ.டபிள்யூ. வகையின் உட்பாகங்கள் பல பத்தாண்டுகளுக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். வெளி ஓட்டில் ஆண்டையும் மாதத்தையும் இலக்கங்களால் பொறித்திருப்பார்கள். 52 என்றும் 6 என்றும் இருந்தால் அது 1952 ஆனியில் பிறந்தது. யாழ்ப்பாணத்தில் கியர் வைத்த வண்டிகள் குறைவு, நிலம் தட்டை. எனினும் வைத்திருப்பவர்கள் அந்த ஹப்புக்குள் போடும் சிறு துண்டொன்றுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் முதன்மையானவை கப்புகளும் அச்சும். கழற்றும்போது இரண்டு கப்புகளையும் சோடியாகக் கழற்றுங்கள். வலப்பக்கத்தது இடம்புரி, மறுபக்கமாகத் திருகவேண்டும். காகிதத்தில் சுற்றிப் பயணப் பெட்டியின் மூலையில் வைத்தால் ஒரு தேயிலைப் பெட்டியளவுகூட இடம்பிடிக்காது. கடைக்காரரிடம் இப்படி எழுதப்போகிறேன் என்று சொன்னபோது அவர் பற்சில்லொன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "இருபத்தாறு புரி எண்டு வடிவா எழுதும் தம்பி. போனமுறை ஒரு பிள்ளை லண்டனிலை இருந்து ஆசையாக் கொண்டந்தது. பாத்தால் இருபத்திநாலு."