சல்லடையில் நழுவும் சான்றுகள்

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகம் கணித்த காலம் அது. பொருநைக் கரையின் தொன்மைக்குச் சான்று கூறியது பொன்னோ கல்வெட்டோ அன்று. மண்ணோடு கலந்து கிடந்த நெல்.

ஆனால், அதன் பிறகு எழுந்த விவாதம் பெரும்பாலும் 'எவ்வளவு பழமை' என்ற கேள்வியோடு நின்றுவிட்டது. அம்மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கும் அதே மண்ணில் விடை இருக்கிறது. அதைப் படிக்க நுண்ணோக்கி வேண்டும்.

நெற்பயிர் வேர்வழியே உறிஞ்சும் சிலிக்கா, அதன் செல்களில் படிந்து நுண்துகள்களாக இறுகுகிறது. வைக்கோல் மட்கினாலும் எரிந்தாலும் அத்துகள்கள் எஞ்சும். விளைந்தது நெல்லா, வேறு புல்லா என்பதை அவற்றின் வடிவம் காட்டிக்கொடுக்கும். மகரந்தத் துகள்கள் ஊரைச் சூழ்ந்திருந்த மரம், செடிகளைச் சொல்லும். பானையோட்டின் துளைகளிலும் பற்காரையிலும் ஒட்டியிருக்கும் மாவுத் துகள்கள் உணவைச் சொல்லும். ஹரியானாவின் ஃபர்மானாவில் ஹரப்பா நாகரிக மக்கள் மஞ்சளையும் இஞ்சியையும் சமையலில் பயன்படுத்தியது இப்படித்தான் தெரியவந்தது.

இச்சான்றுகள் எளிதில் அழியக்கூடியவை. பானையை உடனே கழுவினால் உட்புறத்தில் ஒட்டியிருந்தவை நீரோடு போகும். சல்லடையில் பாசிமணி தங்கும்; மகரந்தம் தங்காது. கையில் ஒட்டிய இன்றைய உணவின் துகள்கூட முடிவைத் திரித்துவிடும். தோண்டிய மண்ணடுக்கை மீண்டும் அடுக்க இயலாது என்பதால், மாதிரி எடுக்காமல் கொட்டப்படும் மண் நிரந்தர இழப்பு.

லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம் போன்ற ஆய்வகங்கள் நாட்டில் உள்ளன. எனினும், ஆய்வகம் தொடங்கும் இடம் அகழாய்வுக் குழியே. ஒவ்வொரு மண்ணடுக்கிலிருந்தும் மாதிரி எடுப்பதும், அதில் ஒரு பகுதியை வருங்கால ஆய்வுக்கெனச் சேமிப்பதும் கட்டாயமாக வேண்டும். ஒவ்வொரு களத்திலும் ஒரு பகுதியைத் தோண்டாமல் விட்டுவைக்க வேண்டும். ஆய்வு முடிவுகள் பிழை வரம்புகளுடன் முழுமையாக வெளியிடப்பட வேண்டும்.

பழமை பெருமை தரும். அந்தப் பழமைக்குள் வாழ்ந்த உழவரையும் குயவரையும் அறிவதே வரலாறு. அவர்கள் விட்டுச்சென்ற சுவடுகள் கண்ணுக்குத் தெரியாதவை என்பதற்காக, அவற்றை மண்மேட்டில் கொட்டிவிடலாகாது.