கோட்டுக்கும் கூலி உண்டு

சென்ற வருடம் எங்கள் தெல்தெனிய கடையின் மிளகு, கராம்பு, சாதிக்காய் பைகளைப் புதிதாக அச்சடிக்க வேண்டியிருந்தது. கலர் போட்டோ என்றால் நான்கு கலர், செலவு அதிகம். ஆகவே போட்டோவைக் கறுப்பு மையில் மட்டும் காக்கித் தாள் பையில் அடிக்கக் கொடுத்தேன். வந்ததைப் பார்த்தால் சாதிக்காயா, கருகிய வடையா என்று தெரியவில்லை. போட்டோவின் சாம்பல் நிறத்தை அச்சு சிறு புள்ளிகளாகத்தான் காட்டும். மை உறிஞ்சும் தாளில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். தப்பு அச்சகத்துடையதல்ல, என்னுடையது.

வழி சொன்னது எங்கள் கணக்கப்பிள்ளையின் மகள். போட்டோவை விட்டுவிட்டுக் கோட்டுப் படம் போடுங்கள் என்றாள். கோடுகளை நெருக்கமாக இழுத்து, இருட்டு வேண்டிய இடத்தில் அவற்றின் மேல் குறுக்காக இன்னொரு வரிசை இழுப்பது. குரோஸ்ஹெட்சிங் என்பது இதைத்தான். பழைய வித்தைதான் இது. டொலர் நோட்டிலுள்ள முகத்தைப் பூதக் கண்ணாடியில் பாருங்கள், எல்லாம் கோடு. நமது கண்டி இராச்சியத்தில் 19 வருடங்கள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸின் நூல் 1681 இல் லண்டனில் அச்சானபோது, அதன் படங்களுக்கும் கோட்டால்தான் நிழல்.

அவள் வரைவது கிரிட்டா என்ற இலவச மென்பொருளில். அதில் கோட்டு நிழலுக்கென்றே ஒரு பிரஷ் வகை உண்டு. சாய்வு, இடைவெளி, தடிப்பு எல்லாவற்றையும் எண்ணாகக் கொடுக்கலாம். ஆனால் அடிமட்டம் வைத்து இழுத்தது போல வரும் என்று அவளுக்குப் பிடிக்கவில்லை. பேனையால் தாளில் கோடுகள் இழுத்து ஸ்கேன் செய்து, தரை டைல்ஸ் போல எந்தப் பக்கம் அடுக்கினாலும் பொருந்தும் சதுரமாக ஆக்கினாள். அதை பிரஷ்ஷுக்குள் வைத்தால் தடவிய இடமெல்லாம் கோடு விழும். அதே கோட்டைத் திருப்பி இரண்டாவது பிரஷ். சதுரம் சிறிதாக இருந்தால் ஒரே நெளிவு திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுத்துவிடுமாம். பெரிதாகச் செய்தாள். கோட்டின் ஓரத்தில் சாம்பல் நிறம் துளியும் இருக்கக் கூடாது, இருந்தால் மறுபடி புள்ளிதான்.

பை அருமையாக வந்தது. "எவ்வளவு மகள்?" என்று கேட்டேன். "பார்த்துத் தாங்க முதலாளி" என்றாள். ஒரு பின்னேர வேலைதானே என்று 2000 ரூபா கொடுத்தேன்.

அந்த பிரஷ் சரிவர மூன்று வாரம் இரவிரவாக விழித்திருந்தாள் என்பதைத் தகப்பன் பிறகுதான் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தராசுக்கும் தையல் மெஷினுக்கும் விலை உண்டென்று நமக்குத் தெரியும். கம்பியூட்டருக்குள் இருக்கும் கருவி கண்ணில் படாததால் அதை இனாம் என்று நினைக்கிறோம். பிள்ளைகளிடம் "சும்மா ஒன்று கீறித் தா" என்று கேட்கும் பழக்கம் நமது கடைவீதியில் அதிகம். அமெரிக்காவில் கைல் வெப்ஸ்டர் என்ற ஓவியர் தான் செய்த பிரஷ்களை விற்றே வியாபாரம் நடத்தினார். 2017 இல் அடோபி கம்பனி அந்த வியாபாரத்தையே வாங்கிவிட்டது.

அன்பான வியாபாரிகளே, லேபல் வரையக் கொடுக்கும்போது விலையையும், படம் எதற்கெல்லாம் பயன்படும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை, வரைந்தவுடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. வரைகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரஷ்களில் சில சொந்தப் பாவனைக்கு மட்டும்தான். நிபந்தனையை வாசிக்காமல் கடை வேலைக்குப் பாவித்தால் பிறகு மாட்டுவது கடைக்காரன்.

பாக்கியைக் கொடுத்துவிட்டேன். பிரஷ் அவளுடையது, படம் கடையுடையது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டோம். மஞ்சள் தூள் பைக்கு அவளே விலை சொன்னாள். கொஞ்சம் கூடத்தான். பேரம் பேச வாயெடுத்தேன், தகப்பன் பக்கத்திலேயே நின்றார்.