லேகியம் அப்புறம், டெஸ்ட் முதலில்!

போன மாதம் காரைக்குடியில் என் வைத்தியசாலைக்கு ஓர் ஆச்சி வந்தார்கள். வயது 54. "தீட்டு நின்னு மூணு வருஷமாச்சு தம்பி. இப்ப வெள்ளையோட ரத்தமும் திட்டுத்திட்டாப் படுது. எல்லாம் சூடுதான். வெண்பூசணி லேகியம் குடுங்க" என்றார்கள். நான் கொடுக்கவில்லை. "முதல்ல லேடி டாக்டர்கிட்ட கர்ப்பப்பையைக் காட்டிட்டு வாங்க ஆச்சி" என்றதும் கோபம் வந்துவிட்டது. "இதைக் கேக்கவா உங்ககிட்ட வந்தேன்?"

சித்த மருத்துவன் நானே ஏன் இப்படிச் சொல்கிறேன்? கேளுங்கள்.

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால், அதற்கான மரபணுக்களை முடுக்கிவிட ஆள் வேண்டும். 'டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டர்' எனப்படும் புரதங்களுக்கு அதுதான் வேலை. அதில் ஒன்று ஈ2எஃப். வேளை வரும்வரை ஆர்பி என்ற புரதம் அதன் கையைப் பிடித்து வைத்திருக்கும். இன்னொன்று பி53. மரபணுவில் பழுது கண்டால் செல் பிரிவதை நிறுத்தும். பழுது தீராவிட்டால் அந்தச் செல்லையே சாகவைக்கும்.

கர்ப்பப்பை வாயில் புகும் ஹெச்.பி.வி. வைரஸ் இரண்டு பக்கமும் கை வைக்கிறது. அதன் ஈ7 புரதம் ஆர்பியைப் பிடித்துக்கொண்டு ஈ2எஃப்பை அவிழ்த்துவிடுகிறது. ஈ6 புரதம் பி53-ஐ அழித்துவிடுகிறது. பிடிக்கவும் ஆளில்லை, நிறுத்தவும் ஆளில்லை! பெரும்பாலான பெண்களுக்கு இந்த வைரஸ் ஓரிரு வருடத்தில் தானே போய்விடும். போகாமல் தங்கினால்தான் வினை. அப்போதும் புற்றாக மாறப் பெரும்பாலும் பதினைந்து, இருபது வருடம் ஆகும். அந்த அவகாசத்தை லேகியம் தின்றே கழிப்பதா? லேகியத்தில் வெள்ளை கொஞ்சம் குறையலாம். 'சரியாப் போச்சு' என்று இருந்துவிடுவோமே, அதுதான் எனக்குப் பயம்.

நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கர்ப்பப்பை வாயில் அசெட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். வினிகரில் இருக்கிறதே, அதேதான். கோளாறான இடம் வெளுத்துக் காட்டும். ஒரே ஒரு தடவை செய்த சோதனை. இந்தப் புற்றால் வரும் சாவு 35 சதம் குறைந்ததாக 2007-ல் 'லான்செட்' இதழில் வெளியானது.

தொந்தரவே இல்லாதவர்களும் முப்பது வயதுக்கு மேல் அரசு ஆஸ்பத்திரியில் இந்தச் சோதனையைக் கேளுங்கள். ரத்தம் படுகிறவர்களுக்கு இது மட்டும் போதாது. டாக்டர் பார்த்து, தேவையானால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

அந்த ஆச்சி போய்ப் பார்த்தார்களா, தெரியவில்லை. இதைப் படித்தால், என்னைத் திட்டிக்கொண்டாவது போய்வாருங்கள் ஆச்சி. லேகியம் எங்கே ஓடிவிடப் போகிறது?