ஆயாவின் மூக்கு

சித்தப்பா பையனுக்கு சினிமா ஆசை. கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி கல்வராயன் மலையடிவாரத்து வீட்டுக்கு வந்து, குறும்படம் எடுக்கிறேன் என்றான். கதாநாயகி, எண்பது வயசு ஆயா!

செல்போனை முகத்துக்கு ஓரடியில் வைத்து, ஃப்ளாஷ் போட்டு க்ளோஸப் எடுத்தான். ஆயா பார்த்தார். "எம் மூக்கு இம்மாம் பெருசாடா? நாஞ்செத்தா இத்த மாட்டிப்புடாதீங்க!"

குற்றம் மூக்கில் இல்லை ஸார், தூரத்தில்! ஓரடியில் நின்றால், காதைவிட மூக்கு ரொம்பக் கிட்டே இருக்கும், அதனால் பூதாகரம். ஆறடி தள்ளிப் போனால் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். ஆனால், முகம் சின்னதாகிவிடுமே? அதைப் பெரிசாக்கித் தரத்தான் டெலி லென்ஸ்.

அடுத்து வெளிச்சம். இருக்கிற வெளிச்சத்திலேயே ஜாலம் காட்டியவர் பாலுமகேந்திரா. 'மூன்றாம் பிறை'க்கு (1982) ஒளிப்பதிவுக்கான தேசிய விருதே வாங்கினார். ஃப்ளாஷ் நேரே அடித்து நிழலையெல்லாம் துடைத்துவிடும். முகம் தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் மேடு பள்ளமெல்லாம் பேசும்.

ஃப்ளாஷை அணைத்தோம். ஆயாவை ஜன்னலோரம் உட்கார வைத்தோம். பையன் ஆறடி பின்வாங்கி, போனிலிருந்த டெலி லென்ஸில் எடுத்தான். ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. போச்சுடா என்று பயந்தேன்.

ஆயா வெகுநேரம் பார்த்தார். "இதான்டா நானு. இத்தயே மாட்டுங்க..." என்றவர், சட்டென்று சேர்த்துக்கொண்டார்:

"இப்ப ஒண்ணும் அவசரமில்ல!"