இந்த வார வார்த்தை: ரீலொகேட்

கேம்பஸ் இன்டர்வியூ முடியுற நேரத்துல ஒரு கேள்வி வரும்: 'ஆர் யூ வில்லிங் டு ரீலொகேட்?' உடனே 'யெஸ் சார்'னு தலையாட்டிடுறோம். கொஞ்சம் பொறுங்க பாஸ்!

லத்தீன்ல 'லோகஸ்'னா இடம். அந்த வழியில வந்ததுதான் லொகேட். 'ரீ' சேர்ந்தா, வேற இடத்துக்கு மாத்தி வைக்கிறது. வீடு மாறினா நாம 'ஷிஃப்ட்' என்போம்; லண்டன்காரர் 'மூவ்' என்பார். ரீலொகேட்டுக்கு வெயிட் ஜாஸ்தி. வேலைக்காக பெட்டி, படுக்கையோட ஊரே மாறுறது!

இப்போ கிராமர். 'ஐ ரீலொகேட்டட் டு புனே'ன்னா, நான் போனேன். 'ஐ வாஸ் ரீலொகேட்டட்'னா, என்னை அனுப்பிட்டாங்க. இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்கா, ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்கள்ல அடைச்சுது. அதுக்காக 1942-ல் தொடங்கின அரசு அமைப்போட பேரு, 'வார் ரீலொகேஷன் அத்தாரிட்டி'. காவலையே இடமாற்றமாக்கிடுச்சு ஒரு வார்த்தை!

அதனால, எந்த ஊர், எத்தனை மாசம், போற செலவு யாரோடதுன்னு தைரியமா கேளுங்க. அந்த வாக்கியத்துக்கு எழுவாய் நீங்களா, அவங்களான்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் 'யெஸ்' சொல்லுங்க!