யார் கை செய்த வேலை இது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். கோபம் வந்தால் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஆகஸ்ட் 15க்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. எங்கள் தெருமுனை ஃபேன்ஸி ஸ்டோரில் நேற்றே கூட்டம். எல்லாம் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளின் அம்மாக்கள். ஒருவர் கையில் தெர்மாகோல் அட்டை. ஒருவர் காவிக் கலரில் கிளிட்டர் ஷீட் தீர்ந்துவிட்டதா என்று பதறுகிறார். இன்னொருவர் குளூ கன் கேட்கிறார். கடைக்காரர் விவரமான ஆள். செங்கோட்டை, இந்தியா வரைபடம், மயில், அசோகச் சக்கரம் என்று எல்லாவற்றையும் செய்தே வைத்துவிட்டார். "பாப்பா பேரை மட்டும் எழுதிக்கிட்டா போதும்மா" என்று சொல்லி விற்கிறார். நான் சோப்பு வாங்கப் போனவள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

பேரை மட்டும் எழுதிக்கொண்டால் போதுமாம். மூன்றரை வயதில் ஒரு குழந்தை பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் இதுதானா? அடுத்தவர் செய்த வேலையின்மேல் தன் பெயரை எழுதிக்கொள்வது, அதற்கு மேடையில் பரிசு வாங்குவது, கைதட்டு வாங்குவது. நாட்டுப்பற்றின் பெயரால் நாம் சொல்லித் தருவது பொய் என்று நான் சொன்னால், "டீச்சர் ரொம்பக் கடுமையாப் பேசுறாங்க" என்பீர்கள். வேறு என்ன பெயர் வைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

என் தம்பி மகளுக்குப் பிள்ளை யு.கே.ஜி. படிக்கிறாள். பள்ளியின் பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் அப்படி ஒன்று இருக்கிறது. போன வருடம் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது. சுதந்திர தின கிராஃப்ட் செய்து 13ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும், நீட்டாக இருக்க வேண்டும், முதல் மூன்றுக்குப் பரிசு. தம்பி மகள் வேலைவிட்டு வீட்டுக்கு வரவே இரவு ஏழரை ஆகும். சமையல் முடித்து, பிள்ளைக்கு ஊட்டி, பதினோரு மணிக்கு உட்கார்ந்தவள் இரண்டு மணிக்கு எழுந்தாள். நடுவில் விழித்து வந்த பிள்ளை ஆசையாகக் கையை நீட்டியிருக்கிறாள். "தொடாதடி, கெட்டுப்போயிடும்!" என்று கையில் ஒரு அடி. இதை அவளே என்னிடம் சொல்லி அழுதாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், சுதந்திர தினத்துக்குக் குழந்தை செய்ய வேண்டிய பொருளைக் குழந்தை தொடக்கூடாது!

அதே வகுப்பில் இன்னொரு அம்மா மட்டும் பிள்ளையையே செய்ய விட்டு அனுப்பியிருக்கிறார். பழைய காலண்டர் அட்டையில் கிழித்து ஒட்டிய காகிதங்கள், பச்சை மேலே, காவி கீழே, நடுவில் ஒரு நீலக் கிறுக்கல். போர்டில் அது மட்டும் மாட்டப்படவில்லை. மாலை வரை அந்தப் பையன் போர்டின் முன்னால் நின்று தன்னுடையதைத் தேடினானாம். அந்த வகுப்பிலேயே பள்ளிக்கூடம் கேட்டதைச் செய்தவன் அவன் ஒருவன்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்து 33 வருடம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். அதில் முக்கால்வாசி ஒன்றாம் வகுப்பு. சின்னப் பிள்ளைகளின் கையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். நம் மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எலும்பாக இருப்பதில்லை, குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக எலும்பாகி முடியப் பல வருடம் ஆகும். சுமார் மூன்று வயதில் பிள்ளை ஒரு வட்டத்தைப் பார்த்துப் போடும். நாலு வயதில் கூட்டல் குறி. முக்கோணம் வர ஐந்து வயது ஆகிவிடும். கத்தரிக்கோலால் மூன்று வயதுப் பிள்ளை ஓரத்தை நறுக்கும், அவ்வளவுதான். வளைவாக வெட்டு என்றால் முடியாது. முடியாதது சோம்பேறித்தனத்தால் இல்லை. கை இன்னும் தயாராகவில்லை. இந்தக் கையிடம் போய் 24 ஆரம் உள்ள அசோகச் சக்கரத்தைக் கேட்கிறோம். பெரியவர்களே காம்பஸும் பாகைமானியும் இல்லாமல் 24 ஆரத்தைச் சமமாகப் போட முடியாது. ஒவ்வொன்றுக்கும் 15 பாகை. உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

அந்த வயதுக் கைக்கு எது வரும்? கிழிக்க வரும், கசக்க வரும், உருட்டவும் அப்பவும் வரும். காகிதத்தைக் கிழிக்கும்போது எந்த விரல்கள் வேலை செய்கின்றன என்று கவனியுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகும் அதே விரல்கள்தான். ஒன்றாம் வகுப்பில் கையெழுத்து மோசம் என்று என்னிடம் வந்து புலம்பிய பெற்றோரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் பிள்ளை காகிதம் கிழிக்குமா, மாவு உருட்டுமா?" என்பதுதான். "ஐயோ டீச்சர், அதெல்லாம் விடவே மாட்டோம், வீடு குப்பையாயிடும்" என்பார்கள். அதே வீட்டில் நாலு வரி நோட்டு மட்டும் நான்கு வாங்கி வைத்திருப்பார்கள்.

இந்த இடத்தில் தம்பி மகள் என்னை மடக்கினாள். "அத்தை, நீங்க சொல்றது சரி. ஆனா மத்த பிள்ளைங்களோடது பளபளன்னு இருக்கும்போது என் பொண்ணு மட்டும் கூனிக் குறுகி நிக்கணுமா?" நியாயமான கேள்வி. காலண்டர் அட்டைப் பையனை நினைத்தால் எனக்கே பதில் சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு அம்மா தனியாக நின்றால் அடி அந்தப் பிள்ளைமேல்தான் விழும். அதனால் தனியாக நிற்காதீர்கள். வகுப்பு குரூப்பில் உங்களைப் போலவே இரவு இரண்டு மணிக்குக் கண் எரியப் பசை ஒட்டிய பத்து அம்மாக்கள் இருக்கிறார்கள். மூன்று பேர் சேர்ந்து போய், "மிஸ், போட்டி வேண்டாம், வகுப்பிலேயே அரை மணி நேரம் பிள்ளைகளைச் செய்ய விடுங்கள், காகிதம் நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள். அந்த மிஸ்ஸைத் திட்டாதீர்கள். குறைந்த சம்பளத்துக்கு நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கும் பெண் அவள். போர்டு அழகாக இருந்து, போட்டோ எடுத்து, பள்ளிப் பக்கத்தில் போட வேண்டும் என்று மேலிடம் கேட்கிறது. அவளும் மாட்டிக்கொண்டவள்தான்.

"குழந்தைங்களுக்கு நாட்டுப்பற்று வர வேண்டாமா?" என்று என் சகலர் ஒருவர் கேட்டார். வரட்டும். அவருக்காகவே கொஞ்சம் சரித்திரம் சொல்கிறேன். 1932 ஜனவரியில் திருப்பூரில் போலீஸ் தடியடியில் விழுந்தும் கொடியை விடாமல் உயிரைவிட்டார் குமரன். அந்தக் காலத்துக் கொடியில் சக்கரம் கிடையாது, ராட்டை இருந்தது. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை தேசியக் கொடியை ஏற்றுக்கொண்டபோதுதான் ராட்டை இருந்த இடத்துக்கு அசோகச் சக்கரம் வந்தது. ராட்டை என்றால் என்ன? கைவேலை. சாதாரண மனிதன் தன் கையால் நூற்ற நூலைத்தான் அன்றைக்குச் சுதந்திரத்துக்கு அடையாளமாக வைத்தார்கள். கொடிக்குக் கையால் நூற்றுக் கையால் நெய்த கதர்த் துணிதான் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2021 டிசம்பரில்தான் விதியைத் திருத்தி, இயந்திரத்தில் செய்த பாலியெஸ்டர் கொடிக்கும் அனுமதி கொடுத்தார்கள். (எனக்கு அதில் சம்மதமில்லை, அது வேறு சண்டை.) 1937இல் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் கைத்தொழில்தான் நடுநாயகம். எங்களுக்கு முந்திய தலைமுறை ஆசிரியர்கள் ஆதாரப் பயிற்சிப் பள்ளிகளில் தக்ளி சுற்றிப் படித்தவர்கள். இப்படிப்பட்ட ஒரு கொடிக்கு விழா எடுக்கும் நாளில், பிள்ளையின் கையைத் தட்டிவிட்டுக் கடையில் வாங்கி வந்ததை ஒட்டுகிறோம். கொடிகாத்த குமரன் வேஷம் போட்டு மேடையேறும் அதே பிள்ளைக்கு!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிராஃப்ட் என்றாலே எல்லோரும் தேசியக் கொடியைத்தான் செய்கிறார்கள். செய்து, அதன்மேல் "ஹேப்பி இண்டிபெண்டன்ஸ் டே" என்றும் பிள்ளை பெயர், பள்ளிப் பெயர் என்றும் எழுதுகிறார்கள். 1971ஆம் வருடத்து தேசியச் சின்னங்கள் அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி கொடியின்மேல் எந்த எழுத்தும் எழுதக்கூடாது. வரைந்த கொடியும் அந்தச் சட்டத்துக்குக் கொடிதான். பச்சைப்பிள்ளையை யாரும் கோர்ட்டுக்கு இழுக்கப்போவதில்லை, பயப்படாதீர்கள். ஆனால் மரியாதை சொல்லிக் கொடுக்கப்போய் மரியாதைக் குறைவைச் சொல்லிக் கொடுப்பானேன்? பிளாஸ்டிக் கொடியைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை செய்துவிட்டார்கள். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. அலங்காரத் தெர்மாகோலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகஸ்ட் 16 காலையில் நடக்கப் போகிறேன், பள்ளிக்கூட வாசல் சாக்கடையில் கிடப்பதெல்லாம் இந்த இரண்டும்தான். காகிதக் கொடியை ஆசைக்கு அசைக்கலாம், தவறில்லை. முடிந்ததும் தரையில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

கொடி வேண்டாம் என்றால் வேறு என்ன செய்வது என்று கேட்பீர்கள். மூன்று நிறத்தில் கொடி மட்டும்தானா இருக்கிறது? நாலு வயதுப் பிள்ளைக்குக் காவி, வெள்ளை, பச்சைக் காகிதப் பட்டைகளை நீங்கள் வெட்டிக் கொடுங்கள். வளையமாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்து ஒட்டித் தோரணம் செய்யும். வரிசை மாறும், மாறட்டும். மூன்று வயதுக்குக் கிழித்த காகிதம் போதும்; ஒரு மயிலின் தோகையை நீங்கள் கோடாகப் போட்டுக் கொடுத்தால் அதற்குள் அப்பிக்கொண்டே இருக்கும். வெண்டைக்காயைக் காம்புப் பக்கம் நறுக்கி வண்ணத்தில் தொட்டு அச்சுப் பதித்தால் பூப்பூவாக வரும். பிள்ளை அதற்கு என்ன பெயர் வைக்கிறதோ அதுதான் அது. இரண்டு வயதுக்கும் கீழே என்றால், கோகுலாஷ்டமிக்கு வாசலில் பாதம் வைப்போமே, அதே மாவுக் கரைசலில் உள்ளங்கையை முக்கிப் பழுப்புக் காகிதத்தில் பதிக்க விடுங்கள். கோதுமை மாவு உருண்டையும் கொடுக்கலாம். கீரைச் சாறு விட்டால் பச்சை, மஞ்சளோடு ஒரு துளி பீட்ரூட் சாறு விட்டால் காவி, சும்மா பிசைந்தது வெள்ளை. மணி, பட்டன், தெர்மாகோல் உருண்டை எதையும் அந்த வயதுப் பிள்ளை அருகில் வைக்காதீர்கள், நேராக வாய்க்குப் போகும், மூக்குக்கும் போகும். கிளிட்டர் கண்ணுக்குப் போகும்.

என் வகுப்பில் ஆகஸ்ட் 15க்குப் பெரும்பாலும் பூவரச இலைப் பீப்பிதான். பள்ளிக்கூடத்துப் பின்னால் மரம் இருந்தது. இலையைச் சுருட்டி, நுனியைக் கொஞ்சம் நசுக்கி, நாற்பது பிள்ளைகளும் ஊதிக்கொண்டு ஊரைச் சுற்றி ஊர்வலம் வருவோம். இப்போது வங்கியில், மில்லில், துபாயில் இருக்கும் உங்களில் பல பேர் அதில் ஊதியவர்கள்தான். ஞாபகம் இருக்கிறதா என்று கீழே எழுதுங்கள்.

கடையில் பசை வாங்க வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி மைதா. முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, மீதித் தண்ணீர் கொதிக்கும்போது ஊற்றிக் கிளறுங்கள். கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி ஆறவைத்துக் கொடுங்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அதைப் பார்த்து நீங்களும் போட்டுவிடாதீர்கள், அது விஷம், பிள்ளைகள் விரலை நக்கும். அன்றன்றைக்குக் காய்ச்சி, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். மறுநாள் புளித்து நாறும்.